தாழம்பூ மாலையும் திருடுபோன தூக்கமும்

மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைக்கப்படாத காலத்தில், தரை எங்கே முடிகிறது தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரு நாட்டில், அல்லிக்கரை என்று ஓர் ஊர் இருந்ததாம். பெரியவர்களும் கேளுங்கள், சின்னவர்களும் கேளுங்கள். கேட்டுக்கொண்டே சின்னவர்கள் தூங்கிப்போனாலும் எனக்குக் கோபம் இல்லை. இது தூக்கத்தைப் பற்றிய கதைதான்.

அல்லிக்கரைக்கு அரசன் கிடையாது. ஊர்ச்சபைதான் எல்லாம். ஊருக்கு முன்னால் ஓர் ஏரி, ஏரிக்குள் கண்ணுக்கெட்டிய தூரம் கோரைப்புல். விடிந்ததும் திடமான கைகால் உள்ளவர்கள் எல்லாரும் படகேறிக் கோரை அறுக்கப் போவார்கள். வெயில் சாயும்போது திரும்புவார்கள். அறுத்த கோரையில் பாய் நெய்வார்கள். அந்தப் பாயில் படுத்தால் படுத்ததும் தூக்கம் வரும் என்று ஏழு நாட்டு வணிகர்களும் தேடி வந்து வாங்கிப்போவார்கள்.

ஊரே ஏரிக்குள் போய்விட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது? கண் தெரியாதவர்களை யார் பார்ப்பது? உடம்பு வளர்ந்தும் பிள்ளை மனம் மாறாதவர்களை யார் பார்ப்பது? அதற்காகச் சபை ஒரு நிழற்கூடம் கட்டியிருந்தது. அதற்குத் தூண்கள் உண்டு, கூரை உண்டு, சுவர் மட்டும் இல்லை. ஏரிக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கும். தாமரை வாசம் வரும், தூரத்தில் கோரை அறுக்கிறவர்களின் பாட்டு வரும், மதியத்தில் தூக்கம் தானாக வரும்.

கூடத்துக்கு ஒரே ஒரு விதி. ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியே இருக்கக் கூடாது. இன்னொரு பெரியவர் கண் பார்க்கும் தூரத்தில் கூடவே இருக்க வேண்டும். அந்த இன்னொருவருக்குத் துணை என்று பேர். காலில் முள் எடுத்தாலும் துணை உண்டு. குளத்துக்கு அழைத்துப் போனாலும் துணை உண்டு. மடியில் வைத்துக் கதை சொன்னாலும் துணை உண்டு.

நல்ல விதிதான். ஆனால் நல்ல விதியை வைத்துக்கொண்டு மனிதர்கள் சும்மா இருப்பார்களா? அல்லிக்கரைக்காரர்கள் அதில் ஓர் ஓட்டை போட்டார்கள். அதையும் மரியாதை என்ற பேரில் போட்டார்கள்.

மற்ற ஊர்களில் ஒருவரைப் பெருமைப்படுத்த வேண்டுமென்றால் நிலம் கொடுப்பார்கள், பட்டு கொடுப்பார்கள், யானைமேல் ஏற்றுவார்கள். அல்லிக்கரையில் என்ன செய்வார்கள் தெரியுமா? கூடத்தில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவருக்குத் தாழம்பூ மாலை போட்டு, "இனி இவருக்குத் துணை வேண்டாம்" என்று சபைத் தலைவர் மூன்று முறை சொல்வார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் யாரை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் தனியே அழைத்துப்போகலாம். ஏன் என்று கேட்பதே அவமரியாதை. அந்த மாலைக்காக ஊரில் ஏங்காதவர் இல்லை.

கதை நடந்த வருடத்துக்குள் அந்த மாலையை வாங்கியிருந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தி வைத்தியம் பார்க்கும் நாச்சியார். ஒருவர் படகோட்டி மருதப்பர். மூன்றாமவர் பொன்னுரங்கர்.

பொன்னுரங்கர் கனவு சொல்கிறவர். குரலென்றால் அப்படி ஒரு குரல். பாகு காய்ச்சி ஊற்றியதுபோல் இருக்கும். அறுபது வயதாகியும் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கூடத்துக்குப் பக்கத்துத் தாமரைக் குளத்தின் நடுவில் ஒரு சின்ன மண்டபம். எப்போதாவது ஒரு மதியம் ஒரே ஒரு பிள்ளையைத் தெப்பத்தில் ஏற்றிக்கொண்டு அங்கே போவார். அந்தப் பிள்ளைக்கென்றே ஒரு கனவு சொல்வார். தெப்பம் பனியில் மிதப்பதுபோல் மெல்லப் போய் மெல்லத் திரும்பும். வெயில் சாய்ந்து திரும்பி வந்து அதைக் கேட்கிற தாய் தகப்பன்களுக்குப் பெருமை தாங்காது. "என் மகளுக்கு எப்போ முறை வரும்?" என்று சபைத் தலைவர் உலகுடையாரை நச்சரித்துக்கொண்டே இருப்பார்கள்.

நான்காவது மாலை அந்த வருடம் அஞ்சுகத்துக்கு என்று முடிவாகியிருந்தது.

அஞ்சுகம் கூடத்தில் பிள்ளைகளைத் தூங்கவைக்கிறவள். கையில் பனையோலை விசிறி, வாயில் அர்த்தமில்லாத ஒரு முணுமுணுப்புப் பாட்டு. பன்னிரண்டு வருடமாக அவளுக்குத் துணை செங்கமலம். ஒருத்தி விசிறினால் ஒருத்தி பார்ப்பாள். ஒருத்தி பார்த்தால் ஒருத்தி விசிறுவாள். இருவரும் சண்டை போடாத நாள் குறைவு, பிரிந்த நாள் ஒன்றுகூட இல்லை.

மாலை வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து அஞ்சுகத்துக்கு நடையே மாறிவிட்டது. ஊர் முழுக்கத் தன்னைப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அதனால்தானோ என்னவோ, பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்காமல் விட்டாள்.

கூடத்தில் இளவேணி என்று ஏழு வயதுச் சிறுமி இருந்தாள். தை மாதத்தில் அவள் தெப்பம் ஏறி மண்டபத்துக்குப் போய்வந்தாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பகலிலும் வரவில்லை, இரவிலும் வரவில்லை.

முதலில் தன் அப்பாவிடம் சொன்னாள். "அப்பா, எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. கனவு ஐயா எடுத்துக்கிட்டார்." அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பெரியவங்களப் பத்தி இப்படியெல்லாம் பேசக் கூடாது" என்றார்.

பிறகு உலகுடையாரிடம் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கனவு நல்லா இருந்திருக்கும் போல, இன்னும் முழிக்கல நீ" என்று ஒரு துண்டு கருப்பட்டியைக் கையில் வைத்து அனுப்பினார்.

மூன்றாவதாக அஞ்சுகத்திடம் வந்தாள். அஞ்சுகம் மாலை போடும் நாளில் கட்ட வேண்டிய சேலையைச் சாயத்தில் முக்கிக்கொண்டிருந்தாள். "அத்தை, ஐயா என் தூக்கத்த எடுத்துக்கிட்டார்" என்று இளவேணி சொன்னபோது அவள் நிமிரக்கூட இல்லை. "கண்ண இறுக்கி மூடிக்கோ, தானா வரும்" என்றாள்.

நான்காவதாக யாரிடமும் இளவேணி சொல்லவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

மாலை போடும் விழாவுக்கு முந்தின நாள் மதியம். அல்லிப்பூக்கள் கூம்பிக் கிடந்தன. காற்றுகூடப் பாதித் தூக்கத்தில் இருந்தது. அஞ்சுகம் விசிறியோடு பாய்களுக்கு நடுவே நடந்தாள். எல்லாப் பிள்ளைகளும் கண் மூடிப் படுத்திருந்தார்கள்.

தூங்குகிற பிள்ளையின் கையை நீங்கள் பார்த்ததுண்டா? தூக்கம் ஆழமாக ஆழமாக விரல்கள் ஒவ்வொன்றாக விரியும். உள்ளங்கை திறந்து கிடக்கும். அஞ்சுகத்துக்கு அது நன்றாகத் தெரியும். அன்று இளவேணியின் கையைப் பார்த்தாள். கண் மூடியிருந்தது, முஷ்டியும் மூடியிருந்தது. அடுத்த வரிசையில் இன்னொரு முஷ்டி. தூணோரத்தில் இன்னொன்று. மொத்தம் ஏழு பிள்ளைகள் கையை இறுக்கிக்கொண்டு, தூங்குவதுபோல் படுத்திருந்தார்கள். ஏழு பேரும் தெப்பம் ஏறிப் போய்வந்தவர்கள்.

 சாயத் தொட்டிக்கு முன்னால் தான் சொன்ன வார்த்தை அஞ்சுகத்துக்கே கேட்டது. வெட்கத்தில் விசிறியைக் கீழே வைத்தாள்.

பிறகு செங்கமலத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, இளவேணியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "அன்னைக்கு நீ சொன்னப்போ நான் காது குடுக்கல. தப்பு என்மேலதான். இப்ப சொல்றியா கண்ணு? சொல்ல முடியலன்னா பரவாயில்ல, நான் இங்கேயே இருக்கேன்."

இளவேணி குளத்தைப் பார்த்தாள். "சொன்னா கலைஞ்சிடும்னு ஐயா சொன்னார்."

"எது கலையும்?"

"அம்மாவோட தூக்கம். நான் சொன்னா அம்மாவுக்கும் தூக்கம் வராதாம். தெரியாம உங்க மூணு பேர்கிட்ட சொல்லிட்டேன். நல்லவேளை, யாருக்கும் கேக்கல."

தாயின் தூக்கத்தைக் காப்பாற்ற அந்தக் குழந்தை அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. செங்கமலம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு இளவேணி சொன்னாள். மண்டபத்தில் ஐயா அவள் கண்மேல் உள்ளங்கையை வைத்தாராம். கண்ணுக்குள்ளிருந்து நூல்போல் எதையோ இழுத்தாராம். இழுத்து இழுத்து ஒரு தக்களியில் சுற்றிக்கொண்டாராம். "வலிக்கல அத்தை. பயமா இருந்துச்சு. அப்புறம் என் உடம்பு என்னோடது இல்லாத மாதிரி ஆயிடுச்சு."

"நீ எந்தத் தப்பும் செய்யல" என்றாள் அஞ்சுகம். அதையும் மூன்று முறை சொன்னாள்.

அடுத்த நாள் மதியம் தெப்பம் ஏற வேண்டியது அமுதன். இருபது வயது, ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையின் மனசு. கூடத்திலேயே அவனைப்போல் தூங்க ஆளில்லை; தலையைச் சாய்த்தால் போதும். அந்தத் தூக்கத்தின்மேல் பொன்னுரங்கருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

அஞ்சுகமும் செங்கமலமும் உலகுடையாரிடம் ஓடினார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்ததும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"பாதிக்கப்பட்டவங்க மேடையேறி ஊருக்கு முன்னால சொல்லணும். அதுக்குத் துணையா இருந்தவங்க சாட்சி சொல்லணும். அதுதானே நம்ம முறை? துணை நீங்கினவர்மேல புகார் சொன்னா சாட்சிக்கு யாரு வருவா?"

"அந்த ஓட்டைதான் ஐயா அவருக்கு வசதி" என்றாள் அஞ்சுகம்.

"ஏழு நாட்டுல நம்ம கூடத்துக்கு ஒரு பேர் இருக்கு. அது கெட்டுப்போனா பாயை யாரு வாங்குவா? நாளைக்கு உனக்கு மாலை. வாங்கிக்கிட்டுப் பேசாம இரு அம்மா." உலகுடையார் கெட்டவர் இல்லை. கூடத்தின் பேரைக் காப்பாற்றுவதும் கூடத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதும் ஒன்று என்று நினைத்துவிட்டார், அதுதான் அவர் செய்த தவறு.

வழியெல்லாம் அஞ்சுகம் யோசித்தாள். புகார் சொன்னால் இளவேணியை மேடையேற்ற வேண்டும். ஆயிரம் கண்கள் அவளைத் துளைக்கும். அது முடியாது. சொல்லாவிட்டால் அமுதன் தெப்பம் ஏறுவான். அது கூடவே கூடாது. மேடையில் நாளைக்கு நிற்கப்போவது யார்? அஞ்சுகம்தான். அப்படியானால் பேச வேண்டியதும் அஞ்சுகம்தான்.

விழா நாள் காலை. ஏரிமேல் வெள்ளைப் பனி. அன்று யாரும் கோரை அறுக்கப் போகவில்லை. ஊர் முழுக்கக் கூடத்தைச் சுற்றி நின்றது. பனிக்குள் பாதி மறைந்து நின்றவர்களைப் பார்த்தால், கூட்டமே ஒரு கனவுக்குள் நிற்பதுபோல் இருந்தது. அமுதன் காதோரம் ஒரு பூவைச் செருகிக்கொண்டு, எப்போது மதியம் வரும் என்று நொடிக்கொரு தடவை கேட்டுக்கொண்டிருந்தான்.

உலகுடையார் தாழம்பூ மாலையைத் தூக்கினார். "இனி இவளுக்குத் துணை..." என்று ஆரம்பித்தார்.

"வேணும்" என்றாள் அஞ்சுகம்.

கூட்டம் சலசலத்தது.   "எனக்குத் துணை வேணும் ஐயா. எம்மேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா ஒரு பிள்ளைக்கு எங்கிட்ட ஏதாவது ஆச்சுன்னா, அதப் பாக்க ஒருத்தி வேணும், கேக்க ஒருத்தி வேணும், சொல்ல ஒருத்தி வேணும். எனக்கு மட்டும் இல்ல. மாலை வாங்கின மூணு பேருக்கும் இன்னைக்கு மதியத்துலேருந்தே துணை வேணும். இதத் தவிர எனக்கு வேற மரியாதை வேண்டாம்."

உலகுடையார் தவித்தார். மூன்று பேரையும் கேட்பதைத் தவிர அவருக்கு வழி தெரியவில்லை.

நாச்சியார் முதலில் எழுந்தாள். "எனக்கும் கை நடுங்க ஆரம்பிச்சாச்சு. பக்கத்துல ஒருத்தி இருந்தா மருந்து தப்பாது. குடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மருதப்பர் அடுத்து எழுந்தார். "துடுப்புப் போட இன்னொரு கை கிடைச்சா கசக்குமா?" என்றார்.

பொன்னுரங்கர் கடைசியாக எழுந்தார். கண்ணில் நீர் தளும்பியது. "இத்தனை வருஷம் உங்க பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தேன். அதுக்கு இதுதான் பலனா?" என்று அந்தப் பாகுக் குரலில் கேட்டார். கேட்டவர்கள் உருகிப்போனார்கள். சிலர் அஞ்சுகத்தை முறைத்தார்கள். "மாலை கைக்கு வர்றதுக்கு முன்னாலயே திமிரப் பாரு" என்றுகூட ஒருவர் சொன்னார்.

அஞ்சுகம் அழவில்லை, கத்தவும் இல்லை. "துணை ஒருத்தர் பக்கத்துல இருந்தா உங்க கனவுக்கு என்ன குறைஞ்சுபோயிடும் ஐயா?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னொருத்தர் காதுல விழுந்தா கனவு கலைஞ்சிடும்" என்றார் அவர். சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை அது, தானாக வந்துவிட்டது. "சொன்னாலே கலைஞ்சிடும்."

கூட்டத்தில் இளவேணியின் அம்மா நின்றிருந்தாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் தன் சேலையைப் பற்றியிருந்த சின்னக் கை வெடுக்கென்று இறுகுவதை உணர்ந்தாள். குனிந்தாள். முழங்காலிட்டு மகளின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, "உங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரா?" என்று கேட்டாள்.

இளவேணி தாயின் காதில் வாயை வைத்தாள்.

பக்கத்தில் நின்ற தகப்பன் ஒருவர் அதைப் பார்த்தார். அவரும் குனிந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்ற அத்தை ஒருத்தி குனிந்தாள். ஒருவர் பின் ஒருவராக, சத்தமில்லாமல், அந்தப் பனிக்குள் ஊரே பிள்ளைகளின் உயரத்துக்குத் தணிந்தது. மேடைமேல் யாரும் ஏறவில்லை. யாரும் கூச்சல் போடவில்லை. எங்கும் ஒரு முணுமுணுப்பு மட்டும், கோரைக்குள் காற்று நுழைந்ததுபோல் கேட்டுக்கொண்டிருந்தது. ஏழு பிள்ளைகள், ஏழு காதுகள்.

உலகுடையார் நிமிர்ந்து பார்த்தபோது மேடையை நோக்கி ஒரு முகமும் இல்லை. அவர் கையிலிருந்த மாலை கீழே விழுந்தது. தலைப்பாகையைக் கழற்றினார். "எங்கிட்டயும் வந்து சொல்லுச்சு அந்தப் பிள்ளை" என்றார் உடைந்த குரலில். "கருப்பட்டியக் குடுத்து அனுப்பிட்டேன்."

பொன்னுரங்கர் மெல்லத் தெப்பத்தின் பக்கம் நகர்ந்தார். தெப்பத்தின்மேல் மருதப்பர் ஏற்கெனவே போய் உட்கார்ந்திருந்தார். "துணையில்லாம எங்கேயும் போக முடியாது" என்றார். இரண்டு பேரைத் துணைக்கு வைத்து, மலைக்கு அப்பாலிருந்த அரசனின் நீதிச்சாலைக்குப் பொன்னுரங்கரை அனுப்பினார்கள். தூக்கத்தைத் திருடியவருக்கு அந்தச் சிறையில் கடைசிவரை ஒரு மணித் தூக்கமும் வாய்க்கவில்லை என்று சொல்வார்கள். நான் அதற்காக வருத்தப்படவில்லை.

மண்டபத்தில் ஏழு தக்களிகள் கிடைத்தன. பால் நிறத்தில் மினுங்குகிற நூல். நாச்சியாரும் அவள் துணையும் அதைப் பிரித்துப் பிள்ளைகளின் தலைமாட்டில் வைத்தார்கள். திருடியதைத் திருப்பி வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு அன்றே தூக்கம் வந்தது. சிலருக்கு ஆடியில் வந்தது. இளவேணிக்கு ஐப்பசி மழை பிடித்த பிறகும் வரவில்லை.

இதற்குள் ஊரின் முறை மாறியிருந்தது. இப்போதும் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவருக்குத் தாழம்பூ மாலை உண்டு. மாலை போட்டுவிட்டு, "இனி இவருக்கு இரண்டு துணை" என்று தலைவர் மூன்று முறை சொல்வார். மரியாதை கூடக் கூடத் துணையும் கூடியது. ஏழு நாட்டு வணிகர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்களாம். அப்புறம் தங்கள் பிள்ளைகளையும் அந்தக் கூடத்துக்கே அனுப்பினார்களாம்.

மழை சோவென்று கொட்டிய ஒரு மதியம். கூரையிலிருந்து நீர் திரைபோல் இறங்கிக்கொண்டிருந்தது. செங்கமலம் ஒரு தூணில் சாய்ந்திருந்தாள். அமுதன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினான். அஞ்சுகம் இளவேணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, அன்னைக்கு நான் சொன்னப்போ நீங்க ஏன் கேக்கல?"

அஞ்சுகம் சாக்குச் சொல்லவில்லை. "அவரப் பெரியவர்னு நினைச்சேன். உன்னச் சின்னவள்னு நினைச்சேன். ரெண்டும் தப்பு."

இளவேணி அதை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இனிமே யாராவது சொன்னா கேப்பீங்களா?"

"கேப்பேன்."

"மொதத் தடவையிலேயே?"

"மொதத் தடவையிலேயே."

இளவேணி ஒரு நீண்ட மூச்சு விட்டாள். மழைப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் இன்னும் ஏதோ கேட்பாள் என்று அஞ்சுகம் காத்திருந்தாள். கேள்வி வரவில்லை, கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னக் குறட்டைதான் வந்தது.

ஆகவே, கேட்டவர்களே, எத்தனை பெரியவருக்கும் விதியில் விலக்குக் கொடுக்காமலும், எத்தனை சிறியவரின் சொல்லையும் முதல் தடவையிலேயே காதில் வாங்கியும் நடக்கிற சபையில்தான் பிள்ளைகள் அச்சமில்லாமல் தூங்குவார்கள்.